பட்டியலின் அடியில் உன் மாமா

தம்பி,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, மாத்திரலாம்" என்று சொல்லிவிடுவாய். இந்த இரண்டு மாதத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டாய். ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாக ஒரு குழப்பம் வந்து சேர்ந்தது. பழைய குழப்பமும் இடத்தைக் காலி செய்யவில்லை. ஆகவே எழுதுகிறேன். காகிதத்தில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. மேலே எழுதியது மேலேயே இருக்கும். அடுத்த வரியை எழுதிய குற்றத்துக்காக முந்தைய வரி கீழே இறங்கிப் போகாது. இந்த வசதியின் அருமை எனக்கு இந்தச் சித்திரையில்தான் தெரிந்தது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்த நேரத்தில் பிள்ளைக்குத் தாய் சொல்ல வேண்டியவை என்று சில உண்டு. பொறுமை, விட்டுக்கொடுத்தல், சொன்ன சொல் காத்தல். அச்சகத்தில் முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவள் நான். தினசரி காலண்டரின் அடியில் போடுகிற பொன்மொழிகளை மட்டுமே ஆயிரக்கணக்கில் படித்திருப்பேன். எழுத்துப்பிழை இல்லாமல் நீ நல்லவனாக வாழ அவை போதும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட, ஒரு பட்டியலில் புதுப் பெயரைச் சேர்க்கும் கட்டம் பட்டியலுக்கு மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று சொல்லவில்லை. உன் மாமா உன் கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரா என்பது கடைசியில் அந்த ஒரு கேள்வியில் போய் நின்றது. நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியையும் கேட்டுக்கொள்.

நீ பெங்களூரில் ஒரு கம்பெனியில் திரை வடிவமைக்கிறாய். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது உன் வேலை. கேட்கிறவர்களிடம் நான் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். பொத்தானுக்கு இடம் பார்க்கிறவன் என்று சொல்லியிருந்தால் பெண் கிடைத்திருக்காது. மாசி மாதம் நீ வந்திருந்தபோது நான் ஒரு டைரியில் அழைப்புப் பட்டியல் எழுத ஆரம்பித்திருந்தேன். சிவகாசியில் டைரிக்குப் பஞ்சமில்லை. நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். "இந்தக் காலத்துல யாரும்மா நோட்டுல எழுதுறா? நான் ஒரு பக்கம் செஞ்சு தாரேன். நீ போன்லயே பேரைப் போடு. அப்பாவும் பாப்பாரு, நானும் அங்கன இருந்தே பாப்பேன்" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையைத்தான் முதல் தவறாக நான் குறித்து வைத்திருக்கிறேன்.

நீ முதலில் அனுப்பியதில் பட்டியல் மட்டும் இருந்தது. மூலையில் ஒரு கூட்டல் குறி. அதைத் தொட்டால் பட்டியல் போய்விடும். வேறொரு பக்கம் வரும். பெயர், ஊர், போன் எண், எத்தனை பேர் வருவார்கள் என்று நாலு கட்டம். நிரப்பி அழுத்தினால் 'சேர்க்கப்பட்டது' என்று ஒரு பச்சை வரி வந்து, நான் கண்ணாடியைச் சரி செய்வதற்குள் போய்விடும். கட்டங்கள் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி காலியாக நிற்கும். சேர்ந்ததா? பட்டியல் கண் முன்னால் இல்லாதபோது எப்படித் தெரியும்? பிழை திருத்துகிறவளுக்குச் சந்தேகம்தான் தொழில். மறுபடி சேர்த்தேன். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிற மாரியப்பன் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "என்னைய மூணு தடவை போட்டுருக்கீகளேக்கா, மூணு பந்தியிலயும் உக்காரணுமா?" என்று கேட்டான். உன்னிடம் சொன்னேன். நீ எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கட்டங்களைப் பட்டியலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாய். "நோட்டு மாதிரியேம்மா. கடைசிப் பேருக்குக் கீழ அடுத்த பேரு" என்றாய்.

நியாயமாகப் பட்டது. திறந்து பார்த்தால் பட்டியலில் ஏற்கெனவே நூறு பேர் இருந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. "அது சும்மா மாதிரிக்குப் போட்டதும்மா" என்றாய். என் வீட்டுக் கல்யாணத்துக்கு நூறு அந்நியர்கள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சேர்க்கும் கட்டம் அவர்களுக்கெல்லாம் கீழே எங்கேயோ இருந்தது. எனக்கு அது தெரியவில்லை. மேலே ஒரே ஒரு கட்டம்தான் கண்ணில் பட்டது. அதுதான் பெயர் போடும் இடம் என்று நினைத்து, முறைப்படி முதலில் உன் மாமாவின் பெயரை அடித்தேன். 'அப்படி யாரும் இல்லை' என்று வந்தது. அது தேடுகிற கட்டமாம். ஒரு பூதக்கண்ணாடிப் படம் போட்டிருந்ததாம். கூடப் பிறந்த அண்ணன் பெயரை எழுதியதும் அப்படி யாரும் இல்லை என்று சொல்கிற ஒரு பொருளை அன்று முழுவதும் நான் தொடவில்லை. எங்கள் அச்சகத்தில் எத்தனையோ பேரை மரியாதைக் குறைவாக அச்சடித்திருக்கிறோம். இந்த அளவுக்குப் போனதில்லை.

மூன்றாவதாக நீ அனுப்பியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த நூறு பேரும் போயிருந்தார்கள். கட்டங்கள் மேலே, பட்டியல் அடியில். நிரப்பி அழுத்தியதும் அந்தப் பெயர் கட்டத்துக்கு நேர் கீழே, எண் ஒன்று என்று போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிள்ளை போல் கண் முன்னால் வந்து நின்றது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. இந்த முறை முதலில் குலதெய்வம் அய்யனாரைச் சேர்த்தேன். போன் எண் இல்லாமல் சேர்க்க முடியாது என்றது. என் எண்ணைக் கொடுத்தேன். அடுத்து மாமா. எத்தனை பேர் வருவார்கள் என்ற கட்டத்தில் அது தானாகவே ஒரு பூஜ்யம் வைத்திருந்தது. கூடப் பிறந்தவரிடம் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்பது முறையல்ல என்பதால் அதை அப்படியே விட்டேன். பிறகு பன்னிரண்டு நாளாக, சமையலுக்கும் அச்சகத்துக்கும் நடுவில், முந்நூற்றுப் பத்துப் பேரைச் சேர்த்தேன். திரையில் ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் தெரிவார்கள். அடியில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கடைசியாக நினைவுக்கு வந்தவன் வேன்காரக் குருசாமி. மல்லாங்கிணற்றிலிருந்து மாமாவையும் மற்றவர்களையும் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைக்கு ஏற்றிக்கொண்டு வருகிறவன். மாமா கொடுத்துவிடும் கம்புப் பையையும் கத்தரிக்காயையும் வருஷக்கணக்காக நம் வீட்டு வாசலில் இறக்கி வைத்தவன். அவனை விடக்கூடாது என்று சேர்த்துவிட்டுத் திருப்தியோடு போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. அதில் ஒரு பிழை கிடையாது. மாமாவின் பெயர் எடுப்பாக மேலேயே இருந்தது. அதை நான் எட்டு முறை பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். அய்யனாருக்கு நானும் உன் அப்பாவும் போய் வைத்துவிட்டு வந்தோம். அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை, பழம், மஞ்சள் வைத்து, நானும் அப்பாவும் சேர்ந்து போய்க் கொடுக்க வேண்டியது. சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட டைரி ஆர்டர் அவசரம் என்று அச்சகத்தில் கூப்பிட்டார்கள். போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பட்டியல்ல மொத ஆளுக்கு இன்னைக்கே குடுத்துருங்க. வரிசை மட்டும் தப்பிறக் கூடாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். உன் அப்பா தீப்பெட்டி ஆலையில் ஸ்டோர் பார்க்கிறவர். சீட்டில் எழுதியிருப்பதை எடுத்துக் கொடுப்பார். ஏன் என்று கேட்டு அந்த ஆலையில் யாரும் நீடித்ததில்லை. அவர் போனைத் திறந்தார். எண் ஒன்று, குருசாமி. தட்டை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போய், ஆலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திப் படுத்திருந்தவனை எழுப்பி, பழத்தட்டோடு பத்திரிகையைக் கொடுத்துவிட்டார்.

"உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று பிறகு கேட்டேன்.

"தோணுச்சு. நீ குருசாமிக்கு ஏதோ வேண்டுதல் வச்சிருக்கன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று சாயந்திரம் வேலை விட்டதும் மாமா வழக்கம்போல் வேனில் முன்சீட்டில் ஏறியிருக்கிறார். அவர் போர்மேன், அது அவருக்கென்று விட்டுவைக்கிற இடம். எதிரே சாமி படத்துக்கு அடியில் மஞ்சள் தடவிய பத்திரிகை. பின்னால் இருபத்தைந்து பேர். ஒரு பெண், "அண்ணாச்சி, உங்க மருமகப்பிள்ளை கல்யாணமாம்ல, குருசாமிக்கே தட்டு வச்சுக் குடுத்துருக்காகளே, உங்களுக்கு யானையில வந்து குடுத்தாகளோ?" என்று கேட்டிருக்கிறாள். குருசாமி வீட்டுக்குப் போனதும் பயந்துபோய் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, அவுகளுக்கு இன்னும் குடுக்கலைன்னு எனக்குத் தெரியாதுக்கா. பத்திரிகையை எடுத்து முழுசும் படிச்சாக. திருப்பி வச்சுட்டாக."

"ஒண்ணும் சொல்லலையா?"

"அச்சு நல்லா இருக்குன்னாக. ஊரு வர்ற வரைக்கும் வேற பேச்சே இல்ல."

அந்த மூன்று சொற்களை நான் முன்பு ஒரு முறை கேட்டிருக்கிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டிய தவறு இதுதான். இத்தனை நாள் உன்னிடம் சொன்னதில்லை. உனக்குக் காது குத்தியபோது பத்திரிகையை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம். அடியில் அழைப்பவர்கள் பெயர்ப் பட்டியல். உன் அப்பாவின் அண்ணன் தம்பிகள், பெரியப்பா மக்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டே வந்தார்கள். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற பெண், "ஒரு வரி வெளிய தள்ளுதுக்கா, எழுத்தைச் சின்னதாக்கணும், இல்லைன்னா கடைசி வரியை எடுக்கணும்" என்றாள். கடைசி வரி, தாய்மாமன் என்று போட்டு என் அண்ணன் பெயர். எழுத்தைச் சின்னதாக்கினால் உன் பெரியப்பாமார் கோபிப்பார்கள். யார் மடியில் வைத்துக் காது குத்தப் போகிறோம் என்பது ஊருக்கே தெரியும், அதை அச்சில் வேறு சொல்ல வேண்டுமா என்று எனக்கு நானே ஒரு சமாதானம் எழுதிக்கொண்டு, மாதிரித் தாளில் கடைசி வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். பிழை என்று தெரிந்தே நான் சரி போட்ட ஒரே பக்கம் அது. அண்ணன் சீரோடு வந்தார். உன்னை மடியில் வைத்துக்கொண்டார். நீ அழுது அவர் புதுச்சட்டையை நனைத்தாய். கிளம்பும்போது பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அச்சு நல்லா இருக்கு தாயி" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு நல்ல மனிதரின் முகத்தில் இரண்டாம் முறை எப்படி விழிப்பது?

உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, பட்டியலுக்கு மேல ஓரத்துல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கு பாரு, அதை அழுத்து" என்றாய். அழுத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தலைகீழாகப் புரண்டார்கள். அய்யனார் ஒன்று, மாமா இரண்டு, குருசாமி கடைசி. மறுபடி அழுத்தினேன். குருசாமி ஒன்று. இத்தனை நாளும் அது அங்கேயே இருந்ததாம். ஒரு வீட்டில் யார் முதல், யார் கடைசி என்பதற்காக நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தையை முறித்திருக்கிறார்கள். நீ அதைச் சுண்டுவிரல் நகமளவு அம்பில் முடித்து வைத்திருக்கிறாய். பாராட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் எது நேர், எது தலைகீழ் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் ரேஷன் கார்டில் என் பெயரை எட்டாவது வரியில், உன் கடைசிச் சித்தப்பாவுக்குக் கீழே எழுதினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அடியில்தான் இடம் என்று அப்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாப்பாட்டுக்கும் அந்த வரிசைதான். இப்போது உன் மனைவியாக வரப்போகிறவள் வருகிறாள். உன் முறைப்படி பார்த்தால் புதிதாக வருகிறவள் வந்த அன்றே மேலே நிற்க வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரு படி இறங்க வேண்டும். அது சரியாகத்தான் இருக்கும். நான் எட்டிலிருந்து ஏறி வந்த களைப்பு இன்னும் தீரவில்லை என்பது தவிர எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் மல்லாங்கிணறு போனோம். மாமா முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க மாப்ள. வா தாயி" என்றார். தண்ணீர் வந்தது, காப்பி வந்தது. தட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பத்திரிகையைப் பிரிக்கவில்லை, முந்தின நாளே படித்துவிட்டாரே. மதினி அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, "குருசாமி வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரீகளா?" என்று கேட்டாள். அப்பா காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்தேன். என் பக்கத்து நியாயத்தைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

"அண்ணே, நான் மொதல்ல உங்களைத்தான் போட்டேன். இங்கன பாருங்க."

விரலால் தள்ள ஆரம்பித்தேன். ஐந்து ஐந்து பேராகப் பெயர்கள் ஓடின. அம்புக்குறியின் நினைவு அந்த நேரத்தில் வரவில்லை. அண்ணன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றைம்பதைத் தாண்டும்போது, "இன்னும் எம்புட்டுத் தூரம் போகணும்?" என்றார். "இருங்கண்ணே, வந்துருச்சு" என்றேன். கடைசியில் வந்து சேர்ந்தோம். முந்நூற்றுப் பதினொன்று, அண்ணன். முந்நூற்றுப் பன்னிரண்டு, அய்யனார்.

"அய்யனாருக்கு மேல என்னையவா போட்டுருக்க? சாமி கோவிச்சுக்கிடாதா?"

"இதுல கடைசிதாண்ணே மொதல்."

"எங்களுக்கு ஆலையில ஷெட்டுக்கு நாலு ஆளுதான், அது சட்டம். கதவுல பெயிண்டுல எழுதிருக்கும். அஞ்சாவது ஆளு உள்ள வந்தா வேலையை நிப்பாட்டிருவேன். நாலு பேருக்கு எவன் மேல, எவன் கீழன்னு தேடுற சோலியே கிடையாது. நின்ன எடத்துலயே எல்லா மூஞ்சியும் தெரியும்." திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "வேன்காரனுக்கு மொதல்ல குடுத்ததுல எனக்கு ஒண்ணுமில்ல தாயி. அவன் நல்ல பய. எனக்கு மொதல்ல குடுக்கணுங்கிறதை நீ ஒரு போன்ல எழுதி வச்சுத்தான் தெரிஞ்சுக்கிடணுமா? அதைத்தான் நேத்துலருந்து யோசிக்கேன்."

வரிசை தப்பியது உன் பக்கத்தின் கோளாறு. நான் போக வேண்டிய இடத்துக்குப் பட்டியலை அனுப்பியது என் கோளாறு. அதற்கு எந்த மூலையில் அம்புக்குறி இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "அன்னைக்குக் காதுகுத்துப் பத்திரிகையில உங்க பேரை எடுத்தது மிஷின் இல்லண்ணே. நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். இருபத்தைந்து வருஷம் கழித்து அதை ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. "தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? குடுத்தனுப்புன பத்திரிகைக் கட்டுல நீ சரி போட்ட அந்தத் தாளும் கெடந்துச்சு" என்றார். மதினி நிலையை விட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு அவர் கையை நீட்டினார். "இதுல எப்படிப் பேரு சேக்குறது? காட்டு."

மேலே கொண்டுபோய்க் கட்டங்களைக் காட்டினேன். வேட்டியில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். எத்தனை குளித்தாலும் நக இடுக்கில் பட்டாசு மருந்தின் அலுமினியப் பொடி அவருக்குப் போகாது. ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். ஊர். போன் எண். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். எத்தனை பேர் வருவார்கள். அதில் நீ வைத்திருக்கிற பூஜ்யம். அவர் விரல் அந்தப் பூஜ்யத்துக்கு மேலே நின்றது. உன் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கட்டத்தை எங்கே வைப்பது என்று நாம் இரண்டு மாதம் பேசியிருக்கிறோம் தம்பி. அதன் எதிரே ஒரு மனிதர் இப்படி நிற்கக்கூடும் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய், நானும் நினைக்கவில்லை.

"ஏ இந்தா, நம்ம மொத்தம் எம்புட்டுப் பேரு?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"பெத்து வளத்தவுகளுக்கு எண்ணத் தெரியாதோ? மகளுக ரெண்டு, மருமகங்க ரெண்டு, பேத்தி ஒண்ணு, நீக, நானு" என்று மதினியின் குரல் வந்தது.

ஏழு என்று போட்டு அழுத்தினார். அவர் பெயர் கட்டத்துக்கு நேர் கீழே வந்து நின்றது, எண் ஒன்று. குருசாமி ஒரு படி இறங்கினான். அண்ணன் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார்.

ஒரே ஆள் பட்டியலில் இரண்டு இடத்தில் இருக்கிறார் என்று நீ இந்நேரம் பார்த்திருப்பாய். அது பிழை, ஒன்றை நீக்கிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் முப்பது வருஷப் பழக்கத்தில் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. அடியில் இருப்பது நான் சேர்த்தது, அதில் பூஜ்யம் இருக்கிறது. மேலே இருப்பது அவராகச் சேர்ந்துகொண்டது, அதில் ஏழு இருக்கிறது. கூட்டினால் ஏழுதான்; பந்திக்குக் கணக்கு தப்பாது. புதுப் பெயரை எங்கே சேர்ப்பது என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதுவரை இரண்டையும் விட்டுவை. அந்த அம்புக்குறியை யார் எப்படி அழுத்தினாலும் உன் மாமா மேல் முனையில் இருக்கட்டும்.

அம்மா